ஸ்டாப்பர் பேக்கின் சாட்சியம்

பாலக்காட்டில் கேட்டார்கள்:
பேர்?
சிக்கந்தர்.
ஊர்?
வேலந்தாவளம். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்.
மலையாளம் தெரியும், ஆனாலும்
சாட்சி தமிழில்தான் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
தொழில்?

அங்கேதான் நின்றேன்.
பந்தைத் தடுப்பது என்று சொன்னால்
தட்டச்சுக்காரம்மா சிரிப்பார்.
சிரித்தார்.

கொழிஞ்சாம்பாறை மைதானம், ராத்திரி ஆட்டம்.
கமுகு மரத்தில் கட்டின கேலரியில் நாலாயிரம் தலை,
ஜெனரேட்டர் புகை.
இரண்டாம் பாதி, பதினோராம் நிமிடம்.
லூயிஸ் இடப்பக்கமாக வெட்டிப் போவான் என்று எனக்குத் தெரியும்.
ஒன்பது சீசன் அவனைத் தடுத்திருக்கிறேன்,
அவன் மகளின் ஞானஸ்நான விருந்தில்
இரண்டு தடவை சோறு வாங்கியிருக்கிறேன்.
நான் பந்தைத்தான் எடுத்தேன்.
ரெஃப்ரி விசில் ஊதவில்லை.
ஊதியிருந்தால் தேவலை என்று
இப்போது தோன்றுகிறது.

முட்டி கழன்றதில் உள்ளே ஒரு ரத்தக் குழாய் அறுந்ததாம்,
ஆறு மணி நேரத்துக்குள் தைக்க வேண்டுமாம்.
கமிட்டியிடம் ஐஸ் இருந்தது, ஸ்ப்ரே இருந்தது,
சோடா விற்க வந்தவனின் ஆம்னி இருந்தது.
முதல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எடுத்து
எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவைத்தது.
கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது
கால் ஆறியிருந்தது,
டம்ளரில் மறந்துபோன டீ போல.

அடுத்த ஆட்டத்தில் பக்கெட் சுற்றினார்கள்.
இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்,
ஒரு கிழிந்த பத்து, இரண்டு லாட்டரிச் சீட்டு.
சீட்டுக்கு ஒன்றும் விழவில்லை.
செகரட்டரி சசிதரன் தொகையை மைக்கில் மூன்று முறை சொன்னார்.
லூயிஸின் மனைவி ஸ்டெல்லா பக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
அதில்தான் துணி ஊறவைக்கிறாள்.

சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது,
வக்கீல் ரெமாதேவி காட்டினார்.
விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு,
தொடையின் கீழே வெட்டினால் அறுபது சதவீதம்.
கூலியோடு பெருக்க வேண்டும்,
வயசுக்கும் ஒரு எண் உண்டு.
ஓடி வந்தவன் சட்டென்று நின்று
எதிராளியை மட்டும் ஓடவிடுகிற அந்த ஒரு நொடி
எந்த வரியிலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

பெருக்குவதற்கு முதலில் கூலி வேண்டுமே.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொன்னார்:
அது கூலியல்ல, சம்மானம்.
விருந்தாளியாக வந்தார், விளையாடினார்,
சந்தோஷத்துக்குக் கொடுத்தோம்.
மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி
'சன்மானம்னு சொல்றாங்க' என்றார்.

அந்தக் கவரை எனக்கும் தெரியும்.
மொய்க் கவர், மூலையில் ஒரு ரூபாய் ஒட்டினது.
ஜெயித்தால் மூவாயிரம்,
தோற்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு,
வராமல் போனால் அடுத்த ஆட்டத்தில் பிடித்தம்.
மொய்யில் யாராவது பிடித்தம் செய்வார்களா?

மூன்றாவது பெஞ்சில் சசிதரன்.
கையில் இந்த சீசன் லிஸ்ட் மாதிரி ஒரு தாள்.
லிஸ்ட்டாக இல்லாமலும் இருக்கலாம்.
எனக்கு முப்பத்திரண்டு. வீட்டுக் கடன் பாக்கி.
லூயிஸ் என்னைப் பார்க்கவில்லை,
ஊன்றுகோலின் ரப்பரை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான்.

கூலி, என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார்.
கமிஷனர் கை காட்டி நிறுத்தினார்.
இரண்டு பாஷையிலும் அது ஒரே சொல்.
தட்டச்சுக்காரம்மா ஏற்கெனவே அடித்துவிட்டார்.

சீசன் பாதி போய்விட்டது,
எந்தக் கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை.
வாய்தா பிப்ரவரிக்குப் போயிருக்கிறது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில்
கண்டக்டர் ஊன்றுகோலைப் பார்த்துக் கேட்டார்:
சர்டிபிகேட் இருக்கா? எத்தனை சதவீதம்?
'கேஸ் முடியட்டும் சேட்டா, சொல்றேன்'
என்றான் லூயிஸ்.
முழு டிக்கெட் இரண்டு எடுத்தான்.
என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.